பேட்ஜ் ஒன்றுதான், விதி ஊருக்கு ஒன்று

எனக்கு ஒரு காலில் போலியோ. காலிப்பர் போட்டுக் கொஞ்ச தூரம் நடப்பேன். அதற்கு மேல் சக்கர நாற்காலிதான். பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் கையாலேயே இயக்கும்படி மாற்றியமைத்த ஆட்டோமேட்டிக் காரை நானே ஓட்டுகிறேன். இங்கிலாந்தில் குடியேறியதிலிருந்து ப்ளூ பேட்ஜ், அதாவது மாற்றுத்திறனாளிகளுக்குக் கார் நிறுத்தச் சலுகை தருகிற நீல அட்டை, என் கைப்பையிலேயே இருக்கிறது. அதோடு ஸ்காட்லாந்து, வேல்ஸ், லண்டன், அயர்லாந்து என்று குடும்பமாகச் சுற்றியிருக்கிறோம். வெளியூர் கிளம்பும்போது உறவினர்களும் நண்பர்களும் எனக்குத்தான் போன் போடுவார்கள். "பேட்ஜ் இருக்குல்ல, எங்க வேணா நிறுத்தலாம்தானே?" என்பார்கள். இல்லை. அந்த "இல்லை"க்குள் நிறைய விஷயம் இருக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

பேட்ஜைக் கொடுப்பது நாம் குடியிருக்கும் ஊர் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்). இங்கிலாந்தில் அதிகபட்சம் 10 பவுண்டு வாங்குவார்கள், ஸ்காட்லாந்தில் 20 வரை, வேல்ஸில் இலவசம். பொதுவாக 3 வருடம் செல்லும். எந்தக் கவுன்சில் கொடுத்தாலும் நாடு முழுக்க அதை ஏற்றுக்கொள்வார்கள். இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது அடுத்த பாதி: பேட்ஜ் காட்டினால் என்ன சலுகை கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது நம் கவுன்சில் கிடையாது, கார் நிற்கிற தரை யாருடையதோ அவர்கள். அதனால் ஒரு புது ஊரில் காரை நிறுத்துவதற்கு முன் நான் முதலில் கேட்டுக்கொள்வது, "இந்த இடம் யாருடையது?" என்றுதான். கவுன்சில் தெருவா, தனியார் நிலமா, உள்ளே வரும் வண்டிகளைக் கேமரா பார்க்கும் வளையமா (நகரப் பகுதியா) என்று தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் பலகையைப் படிக்கிற வேலைதான்.

சாலையோரத்தில் வண்டி நிறுத்தத் தடை என்று காட்டும் மஞ்சள் கோட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லை தாண்டும்போது முதலில் மாறுவது அதுதான். இங்கிலாந்தில் ஒற்றை மஞ்சள் கோடோ இரட்டை மஞ்சள் கோடோ, பேட்ஜ் இருந்தால் 3 மணி நேரம் வரை நிறுத்தலாம். ஆனால் பேட்ஜோடு சேர்த்துக் கொடுக்கிற நீலக் கடிகார அட்டையையும் டேஷ்போர்டில் வைக்க வேண்டும். நாம் வந்து சேர்ந்த கால் மணி நேரத்துக்கு முள்ளைத் திருப்பி வைப்பது முறை. காரை எடுத்துக்கொண்டு போய்விட்டு அதே தெருவுக்கு ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி வந்து மறுபடி 3 மணி நேரம் எடுத்துக்கொள்ள முடியாது. வேல்ஸிலும் இதே 3 மணி நேரம், இதே கடிகாரம். ஸ்காட்லாந்தில் மஞ்சள் கோட்டுக்கு நேர வரம்பே கிடையாது. எம்6 நெடுஞ்சாலையில் வடக்கே போய், கார்லைல் கடந்து, கிரெட்னாவில் எல்லையைத் தாண்டினால் கடிகாரத்துக்கு வேலை குறைந்துவிடும். எங்கள் வீட்டில் கடிகாரம் வைப்பது என் மகளின் பொறுப்பு. கிரெட்னா தாண்டியதும் அதை எடுத்து உள்ளே போட்டுவிடுவாள். திரும்பி வரும்போது கார்லைலில் சாப்பிட நிறுத்துவோம் என்பதால் எல்லையைத் தாண்டுமுன்பே "கடிகாரம் எடு" என்று சொல்லிவிடுவேன். சாப்பாட்டு நினைப்பில் இருக்கும்போதுதான் இதெல்லாம் விட்டுப்போகும்.

ஸ்காட்லாந்திலும் நேரம் குறிப்பிட்ட பலகை இருக்கிற இடத்தில் அந்தப் பலகை சொல்வதுதான் சட்டம். சக்கர நாற்காலிப் படம் போட்ட இடமாகவே இருந்தாலும் சில தெருக்களில் "இத்தனை மணி நேரம்" என்று எழுதியிருக்கும். படத்தைப் பார்த்ததும் நிம்மதியாகிக் கீழே இருக்கிற சின்ன எழுத்தை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அந்தப் பலகைகள் பெரும்பாலும் அண்ணாந்து பார்க்கிற உயரம். அதனால் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படிப்பேன். அந்தப் படத்தை அழிப்பதில்லை. பின்னால் டிக்கெட் (அபராதச் சீட்டு) விழுந்தால் அதுவே சாட்சி.

மஞ்சள் கோட்டுச் சலுகைக்கு எல்லா இடத்திலும் ஒரு விலக்கு உண்டு. நடைபாதையின் ஓரக் கல்லைப் பார்க்க வேண்டும். கோடு சாலையில் நீளவாக்கில் போகும். ஓரக் கல்லின் மேல் குறுக்காகச் சின்ன மஞ்சள் பட்டைகள் இருந்தால் அங்கே சரக்கு ஏற்றி இறக்கவே தடை என்று அர்த்தம். இரண்டு இரண்டு பட்டையாக இருந்தால் எந்நேரமும் தடை. ஒற்றைப் பட்டை என்றால் பக்கத்துப் பலகையில் போட்டிருக்கிற நேரத்தில் மட்டும். அந்தத் தடை இருக்கிற நேரத்தில் பேட்ஜ் வைத்துக்கூட நிறுத்தக் கூடாது. இலையுதிர் காலத்தில் இந்தப் பட்டைகள் சருகுக்கடியில் கிடக்கும். என் கைத்தடி முனையால் சருகைத் தள்ளிப் பார்த்துவிட்டு "இங்க வேண்டாம்" என்று சொல்லித் திரும்பவும் காரில் ஏறியிருக்கிறேன். ஏறி இறங்குவது எனக்கு லேசான வேலை இல்லை, ஆனாலும் அது டிக்கெட்டை விட மலிவு.

இதைத் தவிர, சிவப்புக் கோடு, பஸ் லேன், சைக்கிள் லேன், பாதசாரிகள் கடக்கிற இடத்துக்கு முன்னும் பின்னும் போட்டிருக்கிற வளைகோடு, பள்ளிக்கூட வாசல் குறி இங்கெல்லாம் பேட்ஜ் எதுவும் செய்யாது. குடியிருப்போர் பெர்மிட் போட்ட இடங்களைச் சில கவுன்சில்கள் பேட்ஜுக்கு விட்டுக்கொடுக்கும், பல கொடுக்காது. பலகையில் சொல்லியிருந்தால் தவிர அங்கே நிறுத்தாதீர்கள்.

பேட்ஜை வைக்கிற விதத்திலேயே பலர் மாட்டிக்கொள்கிறார்கள். புகைப்படம் இருக்கிற பக்கம் கீழே, சக்கர நாற்காலிச் சின்னம் இருக்கிற பக்கம் மேலே. எண்ணும் காலாவதி தேதியும் வெளியிலிருந்து படிக்கும்படி இருக்க வேண்டும். கார்க் கதவை ஓங்கிச் சாத்தினால் அட்டை சரிந்து சீட்டுக்கடியில் விழுவது சகஜம், அதனால் டேஷ்போர்டில் ஒட்டிப் பிடிக்கிற மாதிரி ஒரு ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டிருக்கிறேன். கதவைச் சாத்திய பிறகு வெளியே நின்று கண்ணாடி வழியாக ஒரு படம். காரின் நம்பரும் அட்டையும் தெரிகிற மாதிரி இன்னொரு படம்.

இந்தப் பழக்கம் ஒருமுறை காப்பாற்றியது. இங்கிலாந்தில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். மஞ்சள் கோட்டில் எல்லாம் சரியாக வைத்துவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தால் வைப்பரில் டிக்கெட், "கடிகாரம் காணப்படவில்லை" என்று. வார்டன், அதாவது டிக்கெட் போடுகிற பார்க்கிங் ஊழியர், எடுத்த படத்தை இணையத்தில் திறந்து பார்த்தால் கண்ணாடியில் எதிர்க் கட்டடத்தின் பிம்பம் முழுசாக விழுந்திருக்கிறது, உள்ளே எதுவுமே தெரியவில்லை. என் படத்தில் கடிகாரம் பளிச்சென்று இருந்தது, படம் எடுத்த நேரமும் பதிவாகியிருந்தது. இரண்டையும் இணைத்து நாலு வரி எழுதி அனுப்பினேன். ரத்து செய்து பதில் போட்டார்கள். வார்டன் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. வெயில் அந்தப் பக்கம் அடித்தால் யாருக்கும் அப்படித்தான் தெரியும்.

எடின்பரோ போகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இங்கிலாந்தின் பல ஊர்களில் இரண்டு சக்கரத்தை நடைபாதையில் ஏற்றி நிறுத்துவது பழகிப்போன விஷயம். எடின்பரோவில் 2024 ஜனவரி 29 முதல் அதற்கு 100 பவுண்டு. 14 நாளுக்குள் கட்டினால் 50. ப்ளூ பேட்ஜ் இருந்தாலும் விலக்கு கிடையாது. லண்டனில் இந்தத் தடை 1974-இலிருந்தே இருக்கிறது. பேட்ஜ்காரர்களையே தண்டிக்கிறார்களே என்று ஒரு நண்பர் குறைபட்டார். நான் அவர் பக்கம் இல்லை. நடைபாதையில் ஏறி நிற்கிற காரைச் சுற்றிக்கொண்டு நாற்காலியோடு சாலையில் இறங்கிப் போய்ப் பார்த்தால் அவருக்கும் புரியும்.

இனி லண்டன். இதைப் பற்றிச் சொல்லத்தான் நிறைய இருக்கிறது. நாடு முழுக்கச் செல்லும் என்று சொன்ன பேட்ஜ், அதே நாட்டின் தலைநகரத்து நடுவில் முழுசாகச் செல்லாது. சிட்டி ஆஃப் லண்டன், வெஸ்ட்மின்ஸ்டர், கென்சிங்டன் அண்ட் செல்சி, கேம்டனின் தெற்குப் பகுதி ஆகிய நான்கு இடங்களிலும் வழக்கமான மஞ்சள் கோட்டுச் சலுகை கிடையாது. அங்கே குடியிருக்கிறவர்கள், வேலை செய்கிறவர்களுக்கென்று தனி பேட்ஜ்கள் இருக்கின்றன: சிட்டியில் சிவப்பு, வெஸ்ட்மின்ஸ்டரில் வெள்ளை, கென்சிங்டனில் ஊதா, கேம்டனில் பச்சை. நம் நீலப் பேட்ஜுக்கென்று குறித்த இடங்களும் உண்டு, ஆனால் நேர வரம்போடு. நீலத்துக்கென்று ஒதுக்காமல் அந்த வேறு நிறப் பேட்ஜுக்கென்று ஒதுக்கிய இடத்தில் போய் நிறுத்தினால், நாற்காலிப் படத்தைக் கைகாட்டி வாதாடிப் பயன் இல்லை.

எல்லையை எப்படிக் கண்டுபிடிப்பது? வெஸ்ட்மின்ஸ்டர் ஆரம்பம் என்று யாரும் வளைவு கட்டி வைக்கவில்லை. நான் தெருப் பெயர்ப் பலகையைப் பார்ப்பேன். லண்டனில் பெரும்பாலும் தெருப் பெயரோடு கவுன்சிலின் பெயரும் தபால் குறியீடும் அதில் போட்டிருக்கும். ஒரு தெரு தள்ளி நிறுத்தினாலே விதி மாறிவிடும் என்பதால், கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே அந்தக் கவுன்சிலின் வரைபடத்தில் நீல இடங்களைப் பார்த்து இரண்டு மூன்று இடங்களைக் குறித்துக்கொள்வேன். முதலாவது இடம் காலியாக இருக்கும் என்று நம்பி லண்டனுக்குள் போவதில்லை.

லண்டன் நடுப்பகுதிக்குள் வண்டி ஓட்டிப் போகக் கட்டுகிற நெரிசல் கட்டணம் இன்னொரு கதை. ப்ளூ பேட்ஜ்காரர்களுக்கு அது முழு விலக்கு, ஆனால் தானாகக் கிடைக்காது. லண்டன் போக்குவரத்துத் துறையிடம் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், ஒருமுறை 10 பவுண்டு கட்ட வேண்டும். இரண்டு வண்டி வரை சேர்க்கலாம். வண்டி நம் பெயரில் இருக்க வேண்டியதில்லை, நாமே ஓட்ட வேண்டியதும் இல்லை; நம்மைக் கூட்டிக்கொண்டு போகிற மகனின் கார் நம்பரைக்கூடக் கொடுக்கலாம். பதிவு முடிய நாளாகும் என்பதால் பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே செய்துவிடுங்கள். பதியாமலும் பணம் கட்டாமலும் உள்ளே போய்விட்டால் அபராதம் 180 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் 90. இதே பேட்ஜ் புகை மாசுக்கான உலெஸ் கட்டணத்துக்கு உதவாது. பழைய டீசல் வண்டியாக இருந்தால், பேட்ஜ் மட்டும் இருப்பவர் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்டியே ஆக வேண்டும். தேம்ஸ் ஆற்றைக் கடக்கக் கட்டணம் வாங்குகிற டார்ட்ஃபோர்டு பாலம், சுரங்கப்பாதையிலும் பேட்ஜுக்கு வேலை இல்லை. வண்டி மாற்றுத்திறனாளி வரி வகுப்பில் பதிவாகியிருந்தால்தான் விலக்கு.

நெரிசல் கட்டணத்துக்கு விலக்கு, மாசுக் கட்டணத்துக்கு இல்லை, டார்ட்ஃபோர்டில் வேறு ஏதோ ஒரு வரி வகுப்பு என்றால் தலை சுற்றத்தான் செய்யும். எனக்கு இதைப் புரிந்துகொள்ள உதவிய விஷயம் ஒன்றுதான். பேட்ஜ் ஆளுக்குச் சொந்தம். கேமரா பார்ப்பது வண்டியின் நம்பரை. வார்டன் குனிந்து பார்த்து அட்டையைப் படிப்பார். கம்பத்து மேலிருக்கிற கேமராவுக்கு அட்டை தெரியாது. ஆகவே கேமரா இருக்கிற எந்த இடத்துக்குப் போனாலும், நம் நம்பர் முன்கூட்டியே அவர்கள் பட்டியலில் ஏற வேண்டுமா என்று பார்த்துவிட வேண்டும். கிளாஸ்கோ, எடின்பரோ, டண்டீ, அபர்டீன் நான்கு ஊர்களிலும், அதிகப் புகை விடும் வண்டிகளைத் தடுக்கிற குறைந்த புகை வளையங்கள் இருக்கின்றன. அங்கே ப்ளூ பேட்ஜுக்கு விலக்கு உண்டு, லண்டன் உலெஸ் மாதிரி இல்லை. ஆனால் வண்டி நம்பரைப் பதிந்திருக்க வேண்டும். பதியாவிட்டால் அபராதம் 60 பவுண்டில் ஆரம்பித்து, மறுபடி மறுபடி மாட்டினால் ஒரு வரம்பு வரை இரட்டித்துக்கொண்டே போகும். லண்டனில் சில கவுன்சில்கள் சின்னத் தெருக்களைக் கேமரா வைத்து மூடியிருக்கின்றன. அங்கே விலக்கு அந்தக் கவுன்சிலின் சொந்தப் பேட்ஜ்காரர்களுக்கு மட்டும் என்று இருக்கலாம். வெளியூர்ப் பேட்ஜோடு போனால் வீட்டுக்குக் கடிதம் வரும்.

பழைய அனுபவத்தை நம்பிப் போவதும் ஆபத்து. யார்க் நகரத்து நடுவில் பாதசாரித் தெருக்களுக்குள் பேட்ஜ்காரர்கள் வண்டி கொண்டுபோகலாம் என்று இருந்தது. 2021 நவம்பரில் அதை நிறுத்தினார்கள். மாற்றுத்திறனாளிகள் விடாமல் போராடிய பிறகு 2024 ஜனவரியில் திரும்பக் கொடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் "நாங்க போன தடவை உள்ளேயே நிறுத்தினோமே" என்று சொன்னவர் பேச்சைக் கேட்டுப் போயிருந்தால் அவ்வளவுதான். அதனால் நான் எழுதியிருக்கிற தொகைகளையும் தேதிகளையும்கூடக் கிளம்புமுன் அந்தந்தக் கவுன்சில் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கவுன்சில் போகட்டும். எனக்கு மிகவும் எரிச்சல் கொடுத்தது தனியார் இடம்தான். சூப்பர் மார்க்கெட், கடைத்தொகுதி, சினிமா வளாகம், நெடுஞ்சாலை ஓய்விடம் எல்லாம் தனியார் நிலம். அங்கே ப்ளூ பேட்ஜ் திட்டம் சட்டப்படி செல்லாது. நாற்காலிப் படம் போட்ட இடங்கள் இருக்கும், பேட்ஜ் காட்டச் சொல்வார்கள், ஆனால் எவ்வளவு நேரம், கட்டணம் உண்டா என்பதெல்லாம் அவர்கள் போட்டிருக்கிற பலகைதான்.

நாங்கள் போனது 2 மணி நேரம் இலவசம் என்ற ஒரு கடைத்தொகுதி. வாசலில் கேமரா, உள்ளே வரும் நேரத்தையும் வெளியே போகும் நேரத்தையும் எழுதிக்கொள்கிறது. அன்று நாற்காலி இடங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. ஒன்று காலியாகும் வரை சுற்றினோம். அப்புறம் பின்கதவைத் திறந்து, தூக்கி எந்திரத்தால் நாற்காலியை இறக்கி, காலிப்பர் பூட்டை அவிழ்த்து, நான் நாற்காலிக்கு மாற வேண்டும். பக்கத்துக் கார் கோட்டை ஒட்டி நின்றால் கதவு முழுசாகத் திறக்காது. அவர்கள் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டும். திரும்பும்போது இதே வேலை தலைகீழாக. கடைக்குள் இருந்தது 2 மணி நேரத்துக்கும் குறைவு. கேமரா கணக்கில் தாண்டிவிட்டது. வீட்டுக்கு 100 பவுண்டு கேட்டுக் கடிதம் வந்தது. 14 நாளுக்குள் கட்டினால் 60 என்று ஆசை காட்டியது.

கணவர், "அறுபதோடு போச்சுன்னு கட்டிடலாம், உனக்கு எதுக்கு அலைச்சல்" என்றார். நான் கட்டவில்லை. 2010 சமத்துவச் சட்டப்படி, பொதுமக்களுக்குச் சேவை தருகிற எந்த நிறுவனமும் மாற்றுத்திறனாளிகளுக்காக நியாயமான மாற்றங்கள் செய்துகொடுக்க வேண்டும். ஏறி இறங்க அதிக நேரம் தேவைப்படுகிறவருக்கு அதிக நேரம் கொடுப்பது அப்படிப்பட்ட ஒரு மாற்றம். இதைத்தான் எழுதினேன். அழுது புலம்பவில்லை, என்ன நடந்தது, நாற்காலியை இறக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக. பேட்ஜின் நகல், கடை ரசீதில் இருக்கிற நேரம், நாற்காலித் தூக்கியின் படம் எல்லாம் இணைத்தேன். நிறுவனம் ஒரே மாதிரி அச்சடித்த வாசகத்தில் நிராகரித்தது. அந்த நிராகரிப்புக் கடிதத்தில் ஒரு குறியீட்டு எண் இருக்கும், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதை வைத்துத்தான் சுயேச்சையான முறையீட்டு அமைப்புக்குப் போக முடியும். நிறுவனம் எந்தச் சங்கத்தில் உறுப்பினரோ அதைப் பொறுத்து போப்லா அல்லது ஐ.ஏ.எஸ். என்ற இரண்டில் ஒன்று. நான் போப்லாவுக்குப் போட்டேன். நிறுவனம் எதிர்வாதமே செய்யாமல் விலகிக்கொண்டது. அதற்குள் என் 60 பவுண்டு வாய்ப்பு போயிருந்தது என்பதும் உண்மை. தோற்றிருந்தால் 100 கட்ட வேண்டியிருந்திருக்கும். அந்தத் துணிச்சல் எல்லோருக்கும் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆதாரம் கையில் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

இப்படி வருகிற கடிதம் யாரிடமிருந்து என்பதை முதலில் பார்க்க வேண்டும். கவுன்சில் அனுப்புவதும் தனியார் அனுப்புவதும் இரண்டுமே பி.சி.என். என்றுதான் தலைப்பில் இருக்கும், பார்க்கவும் ஒரே மாதிரி இருக்கும். வழிகள் வேறு. கவுன்சில் டிக்கெட் லண்டனுக்கு வெளியே இங்கிலாந்தில் பெரும்பாலும் 50 அல்லது 70 பவுண்டு, லண்டனில் 160 வரை போகும். 14 நாளுக்குள் பாதி. அந்த 14 நாளுக்குள்ளேயே ஆட்சேபம் எழுதிவிட்டால், நிராகரித்தாலும் பெரும்பாலான கவுன்சில்கள் பாதித் தொகையில் கட்ட மறுபடி வாய்ப்பு கொடுக்கும். அதனால் யோசிக்க வேண்டியதையெல்லாம் அந்த இரண்டு வாரத்துக்குள் யோசித்துவிடுங்கள். அதிலும் ஒத்துவரவில்லை என்றால் உரிமையாளருக்கு நோட்டீஸ் வரும், 28 நாளுக்குள் முறைப்படி மனு போடலாம், அதுவும் போனால் தீர்ப்பாயம். லண்டனுக்கு ஒன்று, மற்ற இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் சேர்த்து ஒன்று, ஸ்காட்லாந்துக்குத் தனி. மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. ஒன்றும் செய்யாமல் மேஜை இழுப்பறையில் போட்டால் தொகை ஒன்றரை மடங்காகும், பிறகு நீதிமன்றப் பதிவு, வசூல்காரர் என்று போய்க்கொண்டே இருக்கும். வாடகைக் காராக இருந்தால் கடிதம் முதலில் வாடகை நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் தங்கள் கையாளும் கட்டணத்தையும் சேர்த்து நம் கார்டில் பிடிப்பார்கள், 14 நாளும் பாதி ஓடியிருக்கும்.

என் தம்பி ஒரு தடவை கேட்டான்: "அக்கா, சனிக்கிழமை மட்டும் உன் பேட்ஜைக் குடேன். டவுன்ல பார்க்கிங்கே கெடைக்க மாட்டேங்குது."

"ஆயிரம் பவுண்டு வெச்சிருக்கியா?"

"எதுக்கு?"

"அதுதான் ஃபைன். பேட்ஜையும் வாங்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நான் வீட்டுலயே உக்காந்திருக்க வேண்டியதுதான்."

அவன் அப்புறம் கேட்கவில்லை. ஆனால் நம் குடும்பங்களில் இது சாதாரணமாக நடக்கிறது. அம்மா வீட்டில் தூங்கிக்கொண்டிருக்க, அம்மாவின் பேட்ஜ் கறிக்கடை வாசலில் நிற்கும். பேட்ஜ் வைத்திருப்பவர் அந்தப் பயணத்தில் இருக்க வேண்டும், அல்லது அவரை இறக்கிவிடவோ ஏற்றிக்கொள்ளவோ வந்திருக்க வேண்டும். மற்றபடி எதற்காகப் பயன்படுத்தினாலும் குற்றம். 1,000 பவுண்டு வரை அபராதம் போடலாம். 2013-இல் வந்த சட்டத்தின்படி சீருடை இல்லாத கவுன்சில் அதிகாரிகள்கூட பேட்ஜை வாங்கிப் பார்க்கலாம், பறிமுதலும் செய்யலாம். ஆகவே அதிகாரி கேட்டால் காட்டுங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். நான் காரிலிருந்து இறங்கி நாலு அடி நடப்பதைப் பார்த்துவிட்டுச் சந்தேகத்தோடு கேட்டவர்களும் உண்டு. புகைப்படத்தைக் காட்டினேன், நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஊரிலிருந்து வருகிற பெற்றோருக்கு என்ன வழி என்றும் கேட்பார்கள். ப்ளூ பேட்ஜ் இங்கே குடியிருப்பவர்களுக்குத்தான். இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுத்த யு.டி.ஐ.டி. அட்டையைக் கண்ணாடியில் வைத்தால் வார்டனுக்கு அது ஒரு அடையாள அட்டை, அவ்வளவுதான். சக்கர நாற்காலி தேவைப்படுகிற அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் போகிற இடத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். அருங்காட்சியகம், கோட்டை மாதிரி இடங்களில் வாசல் வரை விட்டு இறக்க அனுமதிப்பதை நான் பார்த்திருக்கிறேன். பேட்ஜ் வைத்திருப்பவர்கள் காலாவதி தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்க 12 வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்று சொல்லிப் பழைய அட்டையை வைத்தால் அது பேட்ஜ் இல்லாத கார்தான்.

கடல் தாண்டினால் கணக்கு மறுபடி மாறும். வட அயர்லாந்திலிருந்து அயர்லாந்துக் குடியரசுக்குள் போகும்போது சோதனைச் சாவடி எதுவும் இல்லை. வேகப் பலகை மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறுவதை வைத்துத்தான் நாடு மாறியது தெரியும். நம் பேட்ஜை அங்கே ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் இரட்டை மஞ்சள் கோட்டில் நிறுத்துகிற இங்கிலாந்துப் பழக்கத்தை எல்லையிலேயே விட்டுவிட வேண்டும், அங்கே அந்தச் சலுகை இல்லை. நாற்காலி இடத்தில் பேட்ஜ் இல்லாமல் நிறுத்தினால் 150 யூரோ.

ஐரோப்பாவின் மற்ற நாடுகளில், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு நிலைமை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. 1998-இல் ஒரே மாதிரி அட்டை வைத்துக்கொள்ளலாம் என்று ஐரோப்பிய நாடுகள் பேசி வைத்ததால்தான் இங்கே ஆரஞ்சு நிறத்தில் இருந்த பேட்ஜ் 2000-இல் நீலமானது. பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்பதற்காக இன்று எல்லா நாட்டிலும் செல்லும் என்று சொல்ல முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் புதிய பார்க்கிங் அட்டைக்குச் சட்டம் போட்டிருக்கிறது, 2028 ஜூன் மாதத்திலிருந்து நடைமுறைக்கு வரும். நம் பேட்ஜ் அந்தச் சட்டத்தில் வராது. இத்தாலியின் பழைய நகர மையங்களில் கேமரா வளையங்கள் வேறு. நம்பரை முன்பே தெரிவிக்காமல் உள்ளே போனால் ஊர் திரும்பி மாதக்கணக்கான பிறகு கடிதம் வரும். பிரான்சில் உரிய அட்டை இல்லாமல் நாற்காலி இடத்தில் நிறுத்தினால் 135 யூரோ.

மகளுக்குப் பாரிஸ் போக வேண்டுமாம். தூதரகத்துக்கும் நாங்கள் தங்க நினைக்கிற பகுதியின் நகராட்சிக்கும் எழுதிக் கேட்டிருக்கிறேன். சாதகமாகப் பதில் வராவிட்டால், உள்ளே காசு கட்டி நிறுத்துகிற இடமும் லிஃப்ட்டும் இருக்கிற ஹோட்டலாகப் பார்த்துப் போட்டுவிட்டு, அங்கே போனதும் காரைத் தொடாமல் டாக்சியில் சுற்றுவதாகத் திட்டம்.